எனக்குத் தெரியாமல் நிறுத்தப்பட்ட மாத்திரை

முதலில் வந்தது தலைக்குள் ஒரு வெட்டு. போடி பஜாரில் எங்கள் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மேல் தட்டிலிருந்த தூக்குவாளியைக் காட்டச் சொன்னார் ஒருவர். கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினேன். ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டதுபோல் மண்டைக்குள் சுரீரென்றது. ஒரு நொடிதான். கண்ணைத் திரும்ப இறக்கியபோது மறுபடியும் அடித்தது.

அதை வலி என்று சொல்ல முடியாது. வலியாக இருந்திருந்தால் அன்றே யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

அடுத்தடுத்த நாட்களில் குமட்டல் வந்தது. நடக்கும்போது தரை சாய்ந்தது. விடிகாலைக் கனவுகள் அவ்வளவு துல்லியமாக இருந்தன. எழுந்த பிறகும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குழம்பினேன். கேஸ் அடுப்பு ஒரு முறை பற்றவில்லை என்பதற்காகத் தேம்பி அழுதேன்.

நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அந்த நினைப்பின் கனம் தெரியும்.

எனக்கு மனச்சோர்வு நோய் (வாரக்கணக்கில் நீங்காத துயரமும் பிடிப்பின்மையும் பசியையும் தூக்கத்தையும் குலைக்கும் நோய்) வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம் கேட்காதீர்கள். கடை நன்றாக நடந்தது, மகள் ஷைனி நன்றாகப் படித்தாள், வீட்டில் சண்டை இல்லை. ஆனாலும் குளிக்கப் போவதற்கே எனக்கு அரை நாள் யோசனை தேவைப்பட்டது. உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தேனியிலிருந்த மனநல மருத்துவரிடம் போனோம்.

அந்த டாக்டரம்மா என் வீட்டுக்காரர் சாமுவேலிடம், "மாத்திரை இவங்க கையில இருக்க வேண்டாம் சார். நீங்க வச்சிருந்து தினமும் ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றார்.

அன்று முதல் அவர்தான் கொடுத்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை என் உள்ளங்கையில் வைப்பார். நான் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பார். அட்டையை நான் பார்த்ததுகூட இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்மீது காட்டிய ஆகப் பெரிய அன்பு அதுதான் என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மருந்து என்னைக் காப்பாற்றியது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உணர்ச்சி மழுங்கல் (துக்கத்தோடு சேர்ந்து மகிழ்ச்சியும் எட்ட நின்றுவிடும் நிலை) இருந்தது. மகள் பள்ளியில் பரிசு வாங்கியபோது கைதட்டினேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. மாத்திரையை மெல்லக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்று நானே சாமுவேலிடம் சொல்லியிருந்தேன். "பாப்போம், பாப்போம்" என்றார்.

தலைக்குள் வெட்டு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஷைனி எங்களைத் தேனிக்குப் படம் பார்க்க இழுத்துப்போனாள். ஆளுக்கொரு சக்தி கொண்ட ஆறு பேர் ஒன்றுசேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் வெளிநாட்டுப் படம். தமிழில் பேசினார்கள். சுவருக்குள் நடக்கும் பெண், மழையை அந்தரத்தில் நிறுத்தும் பையன், கடுகளவு சுருங்கும் கிழவர். உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது வண்டியில் முன் சீட்டு யாருக்கு என்று ஆறு பேரும் அடித்துக்கொண்டார்கள். கிழவர், "ஏலே, வயசுக்கு ஒரு மரியாத வேணாமாடா?" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கடைசிச் சண்டையில், பிரிந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து முதுகோடு முதுகு சேர்த்து நின்றார்கள். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. நானும் எழுந்தேன். கன்னம் நனைந்திருந்தது. ஷைனி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ அழுறியா!" என்று கத்தினாள், அதிசயத்தைப் பார்த்தவள்போல.

சாமுவேல் திரையைப் பார்க்கவில்லை. படம் முழுக்க என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிரியத்தால் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன வாரங்கள். "மனசத் தளரவிடாத ரூபி" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் இரவும் மாத்திரையைக் கையில் வைத்தார். கடைசியில் நானே பிடிவாதம் பிடித்து அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "மாத்திரைய இடையில விட்டீங்களா?" என்றார்.

"ஒருநாள்கூட விடல டாக்டர். இவுகதான் தினமும் எடுத்துக் குடுக்குறாக."

"கண்ணத் திருப்பினா கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. நோய் திரும்பினா அப்படி வராதும்மா. இது விலகல் அறிகுறி (பழகிய மருந்து திடீரென நிற்கும்போது உடல் படும் பாடு) மாதிரில்ல இருக்கு?"

அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. நானும் திரும்பினேன். சாமுவேல் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பக் குடுக்குறது சத்து மாத்திரை டாக்டர்" என்றார்.

அவரே தொடர்ந்தார். "எங்க அக்காதான் சொன்னாக, காலம்பூரா இத முழுங்குனா மூளை மரத்துப்போகும்னு. இவளுக்கும் நிறுத்தணும்னு ஆசைதான். சொல்லிட்டு நிறுத்துனா பயந்துருவா. சொல்லாம நிறுத்துனா ஒடம்புக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"ஒடம்புக்குத்தான் சார் மொதல்ல தெரியும்" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மருந்துக்கடை முன்னால் காத்திருந்தபோது கேட்டேன். "நான் தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தத பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

"ரெண்டு வாரத்துல சரியாயிரும்னு அக்கா சொன்னாக."

"படத்துக்குப் போனோமே, அன்னைக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு நீ சிரிச்சதப் பாத்துத்தான் நம்ம செஞ்சது சரின்னு முடிவு பண்ணுனேன். அக்காவுக்கு அங்கனயிருந்தே போன் போட்டுச் சொன்னேன்."

புதுக் குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். அப்படி என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரு மதியச் சந்தோஷம், எனக்குத் தெரியாமல் நடந்த சோதனையின் முடிவாகக் கம்பம் ஊரிலிருந்த அவர் அக்காவுக்கு, என் மதினிக்கு, உடனுக்குடன் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பழைய அளவிலேயே மருந்தை மறுபடி தொடங்கினோம். சில நாட்களில் வெட்டு நின்றது. மாதங்கள் கழித்து, நான் நிலையாக இருப்பதைப் பார்த்த பிறகு, டாக்டரும் நானும் சேர்ந்து படிப்படியான குறைப்பைத் (உடல் பழக அவகாசம் கொடுத்து மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக இறக்குவது) தொடங்கினோம். "கீழ போகப் போக இன்னும் சின்னச் சின்னதா இறங்கணும். கடைசிப் படிதான் உயரம்" என்றார். ஒரு படியில் தலை சுற்றியது. முந்தைய அளவுக்கே திரும்பினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரை என்னிடமே இருந்தது. நிறுத்த நினைப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மருத்துவருக்குத் தெரியாமல் குறைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் யாரும் குறைக்கவும் விடாதீர்கள்.

உடம்பைவிட வீடுதான் கடினமாக இருந்தது. நான் முகம் சுளித்தால், "மாத்திரை கொறைக்கிறால்ல, அதான்" என்பார்கள். என் கோபத்துக்கு நோயின் பெயரை வைத்துவிட்டால் பிறகு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே சந்தேகம் வந்து டாக்டரிடம் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் எரிச்சல் வருதா, இந்த ஒரு விஷயத்துக்கு மட்டுமா?"

"இது ஒண்ணுக்குத்தான்."

"அப்ப அது கோபம்மா. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

அன்று டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

மருந்து முழுவதும் நின்று சில மாதங்களுக்குப் பிறகு, கம்பத்தில் மதினி கட்டிய புது வீட்டில் குடிபுகும் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போனோம். ஜெபம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். மதினி பிரியாணி வைத்துக்கொண்டே நாலு பேர் கேட்கச் சொன்னார், "மாத்திரை இல்லாம இப்ப நல்லாத்தான இருக்கா? நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"நீங்க சொன்னதக் கேட்டதுக்கு நான் செத்திருப்பேன் மதினி" என்றேன். "நல்லாக்குனது டாக்டரும் நானும்."

சாமுவேல் இலையைப் பார்த்தபடி இருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். தண்ணீர் கேட்டார்.

போடி பஸ்ஸில் ஏறியபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்பானால், நோய் வந்துவிட்டது என்று பயந்திருப்பேன். இப்போது சும்மா இருந்தேன். அடிக்கட்டும் என்று விட்டேன். உத்தமபாளையம் தாண்டி, தென்னந்தோப்புகள் தொடங்கியபோது அது தானாகத் தணிந்திருந்தது. ஒன்றைத் தொடங்கிய உடம்பு அதைத் தானே முடித்தும் வைத்தது.

"எம்மேல இன்னும் கோவமாத்தான் இருக்கியா?" என்றார் பக்கத்திலிருந்து.

"ஆமா."

"எப்பத் தீரும்?"

"தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை. நாளை எப்படி இருப்பேன் என்று தெரியாததுதான் நோயின்போது எனக்கிருந்த பெரிய பயம். அன்று அந்தத் தெரியாமை மடியில் சும்மா கிடந்தது. தேவாரத்தில் கூட்டம் இறங்கியதும், காலியான சன்னலோர சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.