லமினேற் செய்த தடுப்பூசி அட்டை

நோர்வேயில் எனக்குக் கொரோனாவுக்கான முதல் ஊசி போட்ட நாளில் வெறுங்கையோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போட்ட தாதிக்கு என் மகளின் வயதிருக்கும். இருபது நிமிடம் கதிரையில் இருக்கச் சொன்னாள், இருந்தேன். பிறகு போகலாம் என்றாள். நான் எழும்பவில்லை; ஊசி போட்டதற்கு ஒரு கடதாசித் துண்டு தருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுகமில்லையா என்று திரும்பி வந்து கேட்டாள். என்னுடைய அரைகுறை நோர்வேஜிய மொழி அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது. ஊசி போட்ட கையைக் காட்டி, அதன் மேல் எழுதுவதுபோல விரலால் கீறிக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே ஒட்டியிருந்த பிளாஸ்தருக்கு மேலே இன்னொரு பிளாஸ்தர் ஒட்டிவிட்டாள். கடைசியில் விஷயம் விளங்கியதும், "எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது" என்று கணினியைக் காட்டிச் சிரித்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்குக் கணினிக்குள் இருப்பதெல்லாம் இருப்பதாகுமா, சொல்லுங்கள்.

பருத்தித்துறையில் இருக்கும் என் அண்ணைக்கு இந்தக் குறை இல்லை. அவர் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸை இருபத்தைந்து வருடம் ஓட்டி ஓய்வெடுத்தவர். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று இரண்டாவது ஊசியைப் போட்ட அன்று பின்னேரமே, அட்டையைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்து லமினேற் செய்துவிட்டார். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, லைசென்ஸ், குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டு, எல்லாம் அவரிடம் லமினேற்தான். "ஒருநாள் நித்திரையிலை கிடக்கேக்கை என்னையும் குடுத்து லமினேற் பண்ணிப்போடுவார்" என்பாள் அவர் பெண்சாதி, என் மச்சாள்.

சிரிக்கிறேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். போர்க்கால இடப்பெயர்வு ஒன்றில் அவருடைய அடையாள அட்டை தண்ணீரில் ஊறிப் பெயர் அழிந்துபோனது. சோதனைச் சாவடியில் எங்களை விட்டுவிட்டு அவரை மட்டும் ஒதுக்கி நிறுத்தினார்கள். காலையிலிருந்து பொழுதுபடும்வரை வெயிலில் நின்றார். இந்தப் பக்கம் சாப்பாட்டுப் பார்சலை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அன்றைக்குப் பயந்ததுபோல என் சீவியத்தில் நான் பயந்ததில்லை. அவரை விட்டார்கள், ஆனால் அன்றிலிருந்து ஈரம் படக்கூடிய கடதாசி எதையும் அவர் நம்பியதில்லை.

அண்ணை இரண்டாவது ஊசி போட்டுச் சில மாதத்தில் ஒமிக்ரோன் என்ற புதுவகைக் கொரோனா வந்தது. அந்த வருடம் ஊருக்குப் போக நான் ரிக்கற் போட்டிருந்தேன். அண்ணைக்கு நீரிழிவு, போதாததற்கு மூச்சிழுப்பு. வைரஸை நானே பெட்டியில் கட்டிக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில், மூன்றாவது ஊசியைப் போடச் சொல்லி நாள்தோறும் தொலைபேசியில் அரித்தேன். ஒருநாள் போனார். போன கையோடு திரும்பியும் வந்துவிட்டார்.

"கார்ட்டிலை எழுதேலாதாம். பேனை வழுக்குதாம். உறையை வெட்டிக்கொண்டு வரட்டாம்."

"புதுக் கார்ட் தாறம் எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னவை. ஒரு ஆளிட்டை ரெண்டு கார்ட் இருந்தால் என்ன நினைப்பாங்கள்? மறிச்சுக் கேட்டால் எதைக் காட்டுறது?"

"இப்ப ஆர் அண்ணை மறிக்கிறது?"

பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து வேறு ஒழுங்கையால் விடுவதுபோல, வேறு பக்கத்தால் வந்தார். "ஊசி பழைய வைரசுக்குச் செய்தது. உது புதுசு. நீ மூண்டும் போட்டனி. உனக்கு வரேல்லையோ?"

வந்ததுதான். மூன்று நாள் காய்ச்சல், ஒரு கிழமை இருமல். நாலாம் நாள் எழும்பி மீன்குழம்பு வைத்தேன். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். ஊசி வருவதற்கு முன்னர் அங்குள்ள நடைகூடத்தில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையானதை, வந்து விழுந்த படுக்கை விரிப்புகளிலேயே அறிந்தவள் நான். ஒமிக்ரோன் காலத்தில் அதே நடைகூடத்தில் ஊசி போட்ட பலருக்கும் தொற்றியது. ஓரிருவர் தவறினார்கள், அதை மறைக்கக் கூடாது. மற்றவர்கள் இருமிக்கொண்டே கோப்பி ஆறிப்போச்சு என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டை என் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? அங்குள்ள தாதி எனக்கு விளங்கப்படுத்தியதை, அண்ணைக்கு ஊர்ப்பாணியில் சொன்னேன்.

"கள்ளன் சட்டையை மாத்திக்கொண்டு வந்திருக்கிறான் அண்ணை. நாய்க்கு உடனை பிடிபடேல்லை. படலையைத் தாண்டி முற்றத்துக்கு வந்திட்டான். ஆனா வீட்டுக்குள்ளை போக நாய் விடேல்லை. மூண்டாவது ஊசி, நித்திரை கொள்ளுற நாயைத் தட்டி எழுப்புறதுக்கு."

"எங்கடை நாய் கள்ளனுக்கும் வாலாட்டும்," என்றார்.

விஞ்ஞானம் தோற்ற இடத்தில் நான் மானத்தைக் கையில் எடுத்தேன். "சரி அண்ணை. நீங்கள் போடாட்டில் நான் சுன்னாகத்திலை மச்சாளின்ரை தங்கச்சி வீட்டிலை நிக்கிறன். உங்களைப் படலைக்கு வெளியிலை நிண்டு பார்த்திட்டுப் போறன்." வெளிநாட்டிலிருந்து வந்த தங்கச்சி, கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்க அவன் பெண்சாதியின் சகோதரி வீட்டில் நின்றாள் என்றால் பருத்தித்துறை முழுக்க ஒரு வருடத்துக்கு அதே கதைதான். "உன்ரை வாய்க்கு ஒரு ஊசி இருந்தால் நல்லது," என்று சொல்லிவிட்டு அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் காலை அவர் பிளேட்டால் உறையின் ஒரு பக்கத்தைக் கீறிக்கொண்டிருந்ததாக மச்சாள் சொன்னாள்.

நான் போய் இறங்கியபோது ஊசி போட்டு மூன்று கிழமை ஆகியிருந்தது. அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்திருந்தது. "இனித் திருப்பி ஒட்டமாட்டன். இன்னும் புதுசு புதுசா வருமெண்டு சொல்லுறாங்கள்," என்றார். பிறகு என்னுடையதைக் கேட்டார். தொலைபேசியில் ஊசிச் சான்றிதழாக இருந்த சதுரப் புள்ளிகளைக் காட்டினேன்.

"இவ்வளவுதானோ? ஒரு துண்டுகூடத் தரேல்லையோ?"

அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்தை நான் மறக்கமாட்டேன். நோர்வே ஒரு ஏழை நாடு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அன்றே ஒரு கடதாசியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, என் முழுப்பெயரும், நானே மறந்துபோன என் பழைய அடையாள அட்டை இலக்கமும், மூன்று ஊசியின் திகதியும், அவை போட்ட ஊரும் எழுதினார். கீழே இன்னும் இரண்டு ஊசிக்கு இரண்டு வரி விட்டார். ஒரு பக்கம் திறந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தந்தார். நான் அழுதேன். சமையலறையில் மிளகாய் வறுக்கிறார்கள் என்றேன். ஒருவரும் வறுக்கவில்லை.

நோர்வே திரும்பியபின், அடுத்த இலையுதிர்காலத்தில் நாலாவது ஊசி. இந்த முறை தாதியிடம் கடதாசியை நீட்டினேன். எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது என்று அவளும் தொடங்கினாள். "தெரியும். ஆனால் என் அண்ணை கேட்பார்," என்றேன். தமிழ் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தன் எழுத்தில் திகதியும் பேர்கன் என்று ஊரும் எழுதித் தந்தாள். படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அண்ணையின் பதில் வந்தது: "சீல் எங்கை?"

ஒரு வரி மிஞ்சியிருந்தது. உறைக்குள் திருப்பி வைக்கும்போதுதான் கவனித்தேன். அந்தக் கடைசி வரியில், திகதிக்கான இடம் வெறுமையாக இருந்தது. ஊர் என்ற இடத்தில் மட்டும், வேண்டாமென்றால் அழித்துவிடக் கூடியமாதிரி, அண்ணை பென்சிலால் மெல்லியதாக எழுதியிருந்தார்: பருத்தித்துறை.