தலையாட்டிய குதிரை

கண்ணுகளா, நம் வீட்டில் ஒரு பெண்குதிரை இருந்தது சின்னவனுக்கு நினைவிருக்காது. அப்போது அவன் தொட்டிலில் கிடந்தான். ரேக்ளா வண்டியில் பூட்டும் பந்தயக் குதிரை. குதிரை உங்கள் மாமனுடையது, வண்டி ஓட்டுவதும் அவர்தான். அவர் வீட்டில் கட்ட இடமில்லாததால் தீனியும் பராமரிப்பும் நம் வீட்டில்.

குண்டடம் பக்கம் ஒரு பந்தயம் முடிந்த மறுநாள் காலையில் குதிரையைப் பிடித்து வெளியே நடத்தினேன். ஒவ்வோர் எட்டுக்கும் தலையைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தியது. பெரியவள் கை தட்டினாள்.

"அப்பா, குதிரை ஆமாங்குதுங்கப்பா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னங்காலில் வலியிருந்தால் குதிரை அப்படித்தான் நடக்கும். வலிக்கிற கால் தரையில் படும்போது பாரம் இறங்காமலிருக்கத் தலையைத் தூக்கிக்கொள்ளும். நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். குனிந்து, இடது குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. தார் ரோட்டில் ஓடிய ஓட்டம்.

கால்நடை டாக்டர் வந்து காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, மூட்டுதான் வீங்கியிருக்கிறது என்றார். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, பஞ்சு வைத்து இதமாகக் கட்ட வேண்டும். கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். தான் சொல்லும்வரை ஓட்டக் கூடாது.

மாமனுக்கு அது பிடிக்கவில்லை. வருகிற கோயில் நோம்பிக்கு ஒரு பந்தயம் இருந்தது.

"ஒரு வலி ஊசியப் போட்டு ஓட்டிப்போடலாம் மாப்ள."

"வலி தெரியாம ஓடுனா மூட்டே போயிருமுங்க மச்சான்."

"ஓடாத குதிரைக்கு எதுக்குக் கொள்ளு? நோம்பிக்குள்ள நடை சரியாகலீன்னா புரோக்கர்கிட்டப் புடிச்சுக் குடுத்தர்றேன்."

செய்யக்கூடியவர்தான். ஓவர்லாக் மிஷினில் பனியன் பீஸ் தைத்துக்கொண்டிருந்த உங்கள் அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே பனியன் கழுத்துப்பட்டிக்கு வந்திருந்த, இழுத்தால் விரியும் ரிப் துணியில் குதிரைக்கு ஒரு காலுறை தைத்துவிட்டாள்.

"கட்டு அவுந்து அவுந்து உளுகுதல்லங்க. இது நிக்கும்."

மாட்டிவிட்டு, உள்ளே விரலை விட்டும் காட்டினாள். அழகாகப் போயிற்று. அதன் மேலேயே தண்ணீர் ஊற்றினோம்.

விடிந்து பார்த்தால் காலுறைக்கு மேலே கால் பானை மாதிரி உப்பியிருந்தது. குதிரை குளம்பைத் தரையில் வைக்கவே இல்லை. அம்மா அழுதுவிட்டாள்.

"என்ற கையாலயே கெடுத்துப்போட்டனுங்களே!"

துணிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. அது நனைத்துச் சுருக்கெடுக்காத புதுத்துணி. தண்ணீர் பட்டதும் சுருங்கிப் பிடித்துக்கொண்டது. முதலிபாளையத்துக் கம்பெனியில் என் வேலையே துணியைத் துவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பதுதான். அந்த நேரம் பார்த்து மாமனும் வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கம்பெனில பூராத் துணியையும் அளக்கறது, ஊட்டுல குதிரையக் கட்டிப் பிழியறது! நல்ல செக்கிங்கு மாப்ள!"

சிரித்துக்கொண்டேதான் மண்டியிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார். அம்மா நூல் வெட்டும் டிரிம்மரால் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினாள். கடைசித் தையல் விட்டதும் குதிரை நீளமாக மூச்சு விட்டு, மூக்கை அவள் தலைமேல் வைத்துக்கொண்டது. மாமனின் சிரிப்பு நின்றுவிட்டது. தங்கையையும் குதிரையையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் மறுபடி வந்து பார்த்து, நல்லவேளை சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்றார். அதன்பிறகு பஞ்சு வைத்து, துவைத்துத் துவைத்து நைந்த என் பழைய பனியன்களைக் கிழித்துத்தான் சுற்றினோம். காலையில் மண் பாதையில் மெதுவாக நடத்துவேன். மூட்டில் சூடு இறங்கியது. தலையாட்டம் மட்டும் போவேனா என்றது.

நோம்பியன்று காலையில் மாமன் மொபெட்டில் வந்தார். பின்னால் ஒரு மூட்டை கட்டியிருந்தது.

"நடத்துங்க மாப்ள, பாப்போம்."

நடத்தினேன். அம்மா வாசற்படியைத் தாண்டி வரவில்லை. பெரியவள் குதிரையின் தலையையே பார்த்திருந்துவிட்டுக் கத்தினாள்.

"மாமா, ஆமாங்கல! ஒண்ணுமே சொல்லல!"

"செத்த சும்மா இரு கண்ணு. இன்னொருக்கா நடத்துங்க."

இன்னொரு முறையும் தலை ஆடவில்லை. மாமன் கிட்டே வந்து மூட்டைத் தடவிப் பார்த்தார்.

"டாக்டரு இன்னும் ஓட்டச் சொல்லலீல்ல?"

"இல்லீங்க மச்சான்."

"அப்பச் சரி. அடுத்த நோம்பிக்குப் பாத்துக்கலாம்."

மொபெட்டிலிருந்து மூட்டையை இறக்கி அம்மாவின் காலடியில் வைத்தார். கொள்ளு.