கிராணி மகன் போய் நின்ற கேட்

மகனுக்கு வீடு பார்க்க இன்று காலை புக்கிட் பெலண்டோக் பக்கம் போனோம். அவன் பள்ளி ஆசிரியர். நாற்பது வயது தாண்டியும் வாடகை வீடுதான்.

வெள்ளைக்காரன் மலாயாக் காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில், என் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டம், இப்போது மதில் போட்ட பங்களா வரிசை.

வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா மறித்தார். நம் ஆள்தான். "ஐசி குடுங்க அங்கிள்."

விடுவேனா? "இதே எடத்துல முள்வேலி இருந்திச்சு ஐயா. காட்டுக்குள்ள இருக்கிறவனுக்குச் சோறு போகுதான்னு ஐம்பது சோல்ஜருங்க எல்லார் தூக்குச்சட்டியையும் கிளறுவானுங்க. எங்கப்பாவுக்கு மட்டும் சல்யூட்டு!"

"சரி அங்கிள். ஐசி?"

அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளே விற்பனைப் பெண் மகனின் சம்பளச் சீட்டைப் பார்த்தாள். "இந்தச் சம்பளத்துக்கு லோன் கெடைக்காது லா சார். அரசாங்க மலிவு வீடு கேட்டுப் பாருங்களேன்."

அங்கேயும் கேட்டாயிற்று. சம்பளம் கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது காரில் மகன் கேட்டான்: "அப்பா, தாத்தாவுக்கு நெசமாவே சல்யூட் அடிச்சாங்களா?"

"பின்ன? ஐம்பது பேரும் வரிசையா நின்னு அடிச்சாங்கடா!"

அடிக்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரை மட்டும்தான் திறக்காமல் விட்டார்கள். கிராணியின் சோற்றையும் எல்லார் சோற்றையும் போலவே கிளறினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

மகன் பேஸ்புக் பக்கமே வரமாட்டான், அதனால் இங்கே எழுதுகிறேன். யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அவன் சம்பளத்துக்கு எங்காவது ஒரு வீடு இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.