எதிர்ப்பக்க விளிம்பு

போன வாரம் முகப்பேரில் ஒரு காது மருத்துவர் கேட்ட கேள்வியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. என் இளைய மகளுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை என்று பள்ளிப் பரிசோதனையில் தெரிந்து, மேலே பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது பிறவியிலேயே இருக்கா, நடுவுல வந்ததா?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் பதில் சொல்லிவிட்டது.

"நான்தான் டாக்டர். கைக்குழந்தையா இருந்தப்போ குளிப்பாட்டிட்டு காதுல எண்ணெய் விட்டுட்டேன்."

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு நாளும் எண்ணெய் விட்டவளில்லை. கிண்ணத்தோடு வந்த மாமியாரைக்கூட மல்லுக்கட்டித் தடுத்தவள். "எண்ணெயால இப்படி ஆகாதும்மா" என்று மருத்துவர் நிமிராமலே சொன்னார். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அது எங்கள் கொரட்டூர் வீட்டிலிருந்து வந்திருந்தது.

என் அக்காவுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனிவரை ஒட்டியிருக்கும். பிறக்கும்போதே அப்படி. ஆனால் கல்யாணம் காதுகுத்து என்று எங்கே போனாலும் அம்மா சொல்வது வேறு. தவழ்கிற வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டதாம், விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டனவாம். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். "பெத்தவ இன்னா பண்ணிகினு இருந்தே?" என்று அம்மாவைக் கடிந்துகொள்வார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். பிறவி என்றால் பேச்சு வேறு பக்கம் போகும். கிரகணத்தன்று வயிற்றுப் பிள்ளையோடு அரிவாள்மனையைத் தொட்டாயா என்பார்கள். அதோடு நிற்காமல் என் கைகளையும் பிடித்து இழுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள். அதனால் கஞ்சி. போதாததற்கு, வெளியே கிளம்பினால் அக்காவின் இடது கையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிவிடுவாள். அம்மாவுக்கு அக்காவைப் பற்றி வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா பூந்தமல்லிப் பேருந்தில் நடத்துநர். ஒரு நாள் அவர் பைக்கு ஒரு எட்டணா வந்து சேர்ந்தது. ஓரத்தில் பிறை போல ஒரு கடி. எந்தப் பயணியும் அதை மீதியாக வாங்க மாட்டேன் என்றதால், அப்பா தன் காசைப் பையில் போட்டுவிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "செல்லாக்காசு, விளையாட வெச்சுக்கோ" என்று அக்காவிடம் கொடுத்தார். அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. விளையாடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இத யாரும் வெட்டலப்பா. இது பொறந்ததே இப்படித்தான்" என்றாள்.

எப்படி என்று எனக்குப் பூரி மாவில்தான் காட்டினாள். அம்மா மாவைத் தேய்த்து டப்பா மூடியால் வட்டம் வட்டமாக அழுத்துவாள். ஒரு வட்டம் எடுத்த இடத்தின் மேல் மூடி கொஞ்சம் ஏறி விழுந்தால், அடுத்த பூரி கடிபட்டு வரும். காசுக்கான தகட்டிலும் அப்படித்தானாம். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வாஷர் அடிக்கிற பிரஸ்ஸில் இருந்தார். அவரும் "ஆமா, பட்டைய சரியா தள்ளலன்னா வாஷர் இப்பிடித்தான் வந்து உயுவும்" என்றார்.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. வேறொரு எட்டணாவை எடுத்து, அதே இடத்தில் அதே பிறையைப் பிரஸ்ஸில் வெட்டி, அரத்தால் ராவி, புளி போட்டுத் தேய்த்து, சட்டைப் பையில் வேர்வையில் ஊறவிட்டுக் கொண்டுவந்தார். "இந்தா, உன் காசோட தங்கச்சி. பஸ் ஸ்டாண்டுல கெட்ச்சிது" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு நீட்டினார். அக்கா கடியைப் பார்க்கவே இல்லை. காசைச் சுழற்றி, கடிக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பார்த்தாள்.

"மாமா, பொய் சொல்லாத. இதுக்கு எதிர்ப்பக்கம் நல்லா கீது."

"அட, நல்லா கீறது ஒரு குத்தமா?"

குற்றம்தான். காசின் விளிம்பை எழுப்ப, அந்த வட்டத்தை உருட்டி நெருக்குவார்களாம்; நூலகப் புத்தகத்தில் படித்திருந்தாள். ஒரு பக்கம் தகடே இல்லாவிட்டால், நேர் எதிரே இருக்கிற பக்கத்துக்கும் பிடிமானம் கிடைக்காது. அங்கே விளிம்பு எழும்பாமல் மழுங்கிப் போய்விடும். முழுசாகப் பிறந்து பிறகு வெட்டுப்பட்ட காசுக்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் ஆகாது. அப்பாவின் காசில் அந்த இடத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னாள். வழுக்கிக்கொண்டு போனது. மாமாவின் காசில் நகம் தட்டியது.

ஆனாலும் தெருவில் எல்லாரும் அதைச் செல்லாக்காசு என்றார்கள். வெட்டின காசை வைத்துக்கொண்டு பெருமை அடிக்கிறாள் என்று சிரித்தார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் அது பிறவி என்று சொல்லக் கேட்க வேண்டும் என்பது அக்காவுக்கு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி என்று சுவரொட்டி ஒட்டியதும், அம்மாவை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாள். மாமாவும் ஒட்டிக்கொண்டார். அம்மா மறக்காமல் கைக்குட்டையைச் சுற்றிவிட்டாள்.

மண்டபத்தின் கோடியில் ஒரு மேசை. பொதுமக்கள் கொண்டுவரும் காசைப் பார்த்துச் சொல்ல ஒரு பெரியவர், லென்ஸும் மேசை விளக்குமாக உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் நின்றவர் அப்பளம் போல நசுங்கிய காசு ஒன்றை நீட்டினார். "இது ரயிலு அச்சடிச்சது. அரசாங்கம் அச்சடிச்சதா பார்த்துக் கொண்டாப்பா" என்று பெரியவர் சொல்ல, வரிசையே சிரித்தது. கொரட்டூர் தண்டவாளத்தில் அப்படிக் காசு வைக்காத பிள்ளை உண்டா?

அக்கா தன் காசை வைத்தாள். மாமா சும்மா இருக்கவில்லை. "சார், இதயும் சேத்துப் பாருங்கோ" என்று தன்னுடையதையும் பக்கத்தில் தள்ளினார். பெரியவர் இரண்டையும் விளக்கடியில் ஒரு புரட்டுப் புரட்டினார்.

"ரெண்டும் ஒரே கை வேலை. வெட்டி அரம் போட்டிருக்கு. அடுத்தது யாரு?"

"ஒரே கையாமே!" என்று மாமா என் காதில் கிசுகிசுத்தார். "என்னயும் கவர்மென்ட்டயும் ஒண்ணாக்கிட்டாரு பாத்தியா." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அக்கா நகரவில்லை. "ஒண்ணுதான் சார் அரம். இன்னொண்ணு பொறந்ததே அப்படி."

"எப்படிம்மா சொல்ற?"

"கடிச்ச எடத்தப் பாக்காதீங்க சார். அதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க."

காட்டுவதற்கு அவளுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. கைக்குட்டை நழுவி மேசைமேல் விழுந்தது. பெரியவரின் கண் காசிலிருந்து விரல்களுக்குப் போனது. "கைக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். கெட்ட எண்ணம் ஏதுமில்லாத கேள்விதான்.

எங்களுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கஞ்சி கொட்டிடுச்சுங்க. சின்னதுல. நான்தான் அடுப்பாண்ட விட்டுட்டு அந்தாண்ட போயிட்டேன்..."

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். "பச்சப்புள்ளய அடுப்பாண்ட உடுவாங்களா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை எடுத்து அந்த மேசை விளக்கின் அடியில், காசு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"கஞ்சி இல்ல சார். பொறக்கும்போதே இப்படித்தான். சுட்டிருந்தா தோல் சுருங்கியிருக்கும், தழும்பு இருக்கும். பாருங்க, நகம் வரைக்கும் வழவழன்னு கீது. எங்கம்மா என்ன எங்கயும் விட்டுட்டுப் போவல." கையை எடுத்துக்கொண்டாள். "இப்ப காசப் பாருங்க."

பெரியவர் பார்த்தார். இந்த முறை லென்ஸைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு, காசை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வரிசை முணுமுணுத்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. மாமாவின் காசை எடுத்தார், வைத்தார். மறுபடியும் அக்காவின் காசு. கட்டைவிரலால் அந்த மழுங்கிய விளிம்பைத் தடவினார்.

"எழும்பவே இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அக்காவிடம், "நான் கடியத்தான் பார்த்தேம்மா. தப்பு என்மேல" என்றார்.

அவரே எழுந்து போய், கண்ணாடிப் பெட்டி ஒன்றில் இடம் ஒதுக்கி, அக்காவின் காசை வைத்தார். ஒரு சின்ன அட்டையில் "அசல் அச்சுப்பிழை" என்று எழுதி, அதன் கீழே அக்காவின் பெயரைக் கேட்டு எழுதினார். சாயங்காலம்வரை அது அங்கே இருந்தது. மாமா போவோர் வருவோரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். "அண்ணாத்தே, பாரு. எங்க அக்கா பொண்ணு. அதுக்குப் பக்கத்துல கீதே, அது நான் பண்ணது." அவருடைய காசு பெட்டியில் இல்லை, கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா கைக்குட்டை இல்லாத கையைக் கண்ணாடிமேல் ஊன்றி, கேட்டவர்களுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒட்டிய அந்த இரண்டு விரல்களாலேயே சுட்டிக் காட்டினாள். அவளோடு பிறந்தவள் நான் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக, தேவையே இல்லாமல் அவளை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடங்களில் எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. அன்றைக்குப் போல நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

அம்மா மட்டும் பெட்டியின் அருகே வரவில்லை. மணமக்கள் மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவள், நாங்கள் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் நானும் அக்காவும் ஒரு பக்கம், அம்மா எதிர் இருக்கை. மாமா வாசலில் தொங்கிக்கொண்டு வந்தார். அக்கா நாலு பேர் முன்னால் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் என்ற கோபத்தில் அம்மா இருக்கிறாள், வீட்டில் அடி விழப்போகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். பட்டரவாக்கம் தாண்டியதும் அம்மா கையை நீட்டினாள். "அந்தக் கைக்குட்டையக் குடுடி" என்றாள். அக்கா கொடுத்தாள். அம்மா அதில் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்தக் கைக்குட்டையை அதன்பிறகு நாங்கள் பார்க்கவில்லை. கஞ்சிக் கதையையும் கேட்கவில்லை.

முகத்தில் வேர்வை, அதனால் கேட்டு வாங்கினாள் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா உள்ளங்கையில் காசை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடியையும், அதைப் பிடித்திருந்த அந்த விரல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி, கொரட்டூர் வரும்வரை பெருமையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று அக்கா எனக்குச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். எதிர்ப்பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.