மூன்று விலைப்புள்ளியும் முக்கால் சைக்கிள் சக்கரமும்

பொருள் வாங்குவதற்கென்று ஒரு விதி உண்டு. குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெற வேண்டும். பெறும்போது பொருளின் அளவையும் தரத்தையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டும். மூன்றில் குறைந்ததை ஏற்க வேண்டும். வந்த பொருள் சொன்ன அளவில் இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த விதியை மற்றவர்கள் எப்படியெல்லாம் மீறுகிறார்கள் என்று பார்ப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. தணிக்கை என்று அதற்குப் பெயர். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது. பார்ப்பது நிற்கவில்லை.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் பேத்தி கைபேசியில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள். மூன்றும் சைக்கிள் சக்கரங்கள். அவள் ஓட்டுவது விரல் தடிமன் டயர் வைத்த, குனிந்துகொண்டே ஓட்ட வேண்டிய ரோடு பைக். பள்ளத்தில் விட்டு ரிம் நெளிந்துவிட்டதாம். ‘விலை கம்மியா, அதே நேரம் நல்லதா எது தாத்தா?’ என்று கேட்டிருந்தாள். ஸ்போக் எத்தனை, அச்சு என்ன அளவு, பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுமா என்று வரிசையாகக் கேட்டு அனுப்பினேன். ‘இது டிஸ்க் பிரேக். ரிம்முல படவே வேண்டாம்’ என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சியோடு. பிரேக் ரிம்மில் படாத சக்கரத்தை நான் வாழ்க்கையில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. திருமயத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் சாமான்கள் வாங்கும் பிரிவில் குமாஸ்தா. வீட்டுக்குப் புளி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்காமல் வாங்கமாட்டார். சித்தப்பாவுக்குத் திருமயத்தில் அரிசி ஆலையில் வேலை. சித்தி ஆசிரியர் பயிற்சி முடித்தவர். இவர்கள் எல்லோருக்கும் மேலே ஐயா, அப்பாவின் அப்பா. ஐயாவுக்கு இரண்டு விஷயங்களில் நம்பிக்கை இருந்தது. ஒன்று, தன் வார்த்தை. மற்றது, அரசாங்க விதி. இரண்டும் மோதிக்கொள்ளும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அதற்கு முந்தைய வருடம் சித்திக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு உத்தரவு வந்தது. பஸ் போகாத ஊர். ஐயா ஒரே கேள்விதான் கேட்டார், “பஸ் போகுதா?” என்று. போகாது என்றார்கள். நடந்து போகிற தூரமும் இல்லை. “சைக்கிள் பழகிக்கிட்டா போயிட்டு வந்துரலாம்” என்று சித்தப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். ஐயா வெற்றிலையைத் துப்பிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதுதான் தீர்ப்பு. சேர வேண்டிய கெடு முடிந்தது, உத்தரவு செத்தது. சித்தி இன்னொரு வாய்ப்பு கேட்டு மனு போட்டார். அடுத்ததையும் விட்டால் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும்.

சித்திரையில் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தது. சித்தப்பா தன் சைக்கிளைச் சாலையோரப் பாலத்துச் சுவரில் சாய்த்துவிட்டுக் கத்தப் போனார். பெரிய மாட்டு வண்டிகள் இரண்டு பாலத்தில் முட்டிக்கொண்டு திரும்பியபோது சைக்கிள் கீழே விழுந்தது. முன்சக்கரத்தின் மேல் வண்டி ஏறியது. பின்சக்கரத்தின் மேல், வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடிய ஊர் ஏறியது. இரண்டு சக்கரமும் அப்பளமாய் நெளிந்தன. நடுவிலிருந்த பிரேமுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “எந்த மாடுப்பா ஜெயிச்சுச்சு?” என்று ஐயா கேட்டார். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. “வண்டியும் போச்சு, பந்தயமும் பாக்கல. ஒன்னைய வச்சு மில்லுல எப்படித்தான் கணக்குப் பாக்குறாங்களோ” என்றார் ஐயா.

புதுச் சக்கரம் வாங்க வேண்டும். இந்த இடத்தில் அப்பா கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் அதற்கு என்னை அனுப்பினார். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

“மூணு கடைக்குப் போ. ரெண்டு சக்கரம், டயரு ட்யூபோட என்ன வெலைன்னு கேட்டுட்டு வா.”

“என்ன அளவுன்னு கேட்டா?”

“ஒன்னைய என்ன கேக்கச் சொன்னேன்?”

“வெல.”

“அத மட்டும் கேளு.”

அளவைச் சொல்லாமல் விலை கேட்கும் ஆள் என் அப்பா இல்லை. புளி வாங்கும்போதுகூடக் கொட்டை எடுத்ததா எடுக்காததா என்று கேட்கிறவர். வெயிலில் மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு போனேன்.

திருமயத்தில் முதல் கடை புதுச் சாமான் விற்கிற கடை. “எந்த அளவு தம்பி?” என்றார் முதலாளி. அப்பா வெல மட்டும் கேட்கச் சொன்னாங்க என்றேன். “அளவு தெரியாம வெல சொல்ல இது என்ன கத்திரிக்காயா?” என்றவர், தினமும் அந்த வழியாக மில்லுக்குப் போகும் சித்தப்பாவின் உயரத்தை நினைத்துக்கொண்டு பெரிய வண்டிக்கான விலையைச் சொன்னார். இரண்டாவது, கோட்டைக்குப் போகிற தெருவில் பழைய சாமான் கடை. அவரும் அளவு கேட்டார், அவரும் திட்டினார், அவரும் விலை சொன்னார். மூன்றாவது, பஸ் நிற்கிற இடத்தில் வாடகை சைக்கிள் கடை. நான் வாயைத் திறந்து “ரெண்டு சக்கரம்” என்றதுமே கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டார். முதல் கடை விலையில் பாதிகூட இல்லை. “ரெடியா தொடச்சு வச்சிருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லு” என்றார். ஒரு கேள்வியும் கேட்காத வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். சுறுசுறுப்பான மனிதர் என்று மனதுக்குள் பாராட்டினேன்.

குறைந்த விலை ஏற்கப்பட்டது. வைகாசி பிறந்து சில நாளில் சக்கரங்கள் வந்தன.

வந்தவை முக்கால் சைக்கிளின் சக்கரங்கள். வாடகைக் கடையில் பெரிய வண்டிக்குக் கால் எட்டாதவர்களுக்கென்று வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன வண்டியின் சக்கரங்கள். அவற்றைச் சித்தப்பாவின் பெரிய பிரேமில் மாட்டியதும், உட்கார்ந்து எழுகிற ஒட்டகம் பாதியில் நின்றுபோனதைப் போல இருந்தது வண்டி. ஆசனம் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. வளைவில் திருப்பினால் பெடல் தரையில் உரசியது. பிரேக் கட்டைகள் ரிம்மைத் தொடவே இல்லை. அதற்கு மேலே டயரின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றன. சித்தப்பா செருப்பைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்தினார்.

நான் கொதித்துப்போனேன். அப்பாவிடம் போய், “அளவு தப்புப்பா. திருப்பி அனுப்பணும்னு நீங்கதான சொல்வீங்க” என்றேன்.

ஐயா கட்டிலில் இருந்தார். அவரும், “ஏப்பா, இது என்னா வண்டி, தண்ணியில நனைஞ்சு சுருங்கிப்போச்சா? நல்லதா ஒண்ணு வாங்கு. நான் தாரேன் காசு” என்றார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்து, அலுவலகத்தில் பேசுவதைப் போல நிமிர்ந்து நின்று சொன்னார்: “மூணு எடத்துல கேட்டாச்சுங்கய்யா. இதுதான் கொறஞ்ச வெல. கொறஞ்சதத்தான் எடுக்கணும். கவர்மெண்டு விதி அப்படி.”

“கவர்மெண்டு விதியா?”

“ஆமாங்கய்யா. மாத்த முடியாது.”

ஐயா கட்டிலில் மறுபடி சாய்ந்துகொண்டார். அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு அவர் என்ன செய்வார்? அளவைச் சொல்லும் விதியும் திருப்பி அனுப்பும் விதியும் எங்கே போயின என்று கேட்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். கேட்க வாயெடுத்தேன். “டேய் தாசில்தாரு, இங்கிட்டு வா, காத்து அடிக்கணும்” என்று சித்தப்பா கூப்பிட்டுக்கொண்டார். காற்று அடிக்கும்போதும் நான் விடவில்லை. “இவ்வளவு உயரமா இருக்கீங்க, இதுல எப்படி ஓட்டுவீங்க?” என்றேன். “கால் நல்லா எட்டுதுடா” என்றார். அந்த ஊரிலேயே நெட்டையான ஆளுக்கு எந்த வண்டியில்தான் கால் எட்டாது?

அதன்பிறகு இரண்டு மாதம் சித்தப்பா, ஆசனத்தையும் அடிவரை இறக்கிவிட்டு, முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடிக்க அந்த வண்டியில் மில்லுக்குப் போய்வந்தார். வழியெல்லாம் கேலி. “என்ன மாப்ள, குழந்தை வண்டியப் புடுங்கிட்டு வந்துட்டியா, அது அழுகுதாம்ல” என்று டீக்கடையில் கேட்பார்கள். சித்தப்பா சிரித்துக்கொண்டே கால்களால் தேய்த்து நிறுத்தி, டீ குடித்துவிட்டுப் போவார். ரோஷமே இல்லாத மனிதர் என்று எனக்கு அவர்மேல் கோபம்.

இன்னொரு புதுப் பழக்கமும் வந்தது. ஞாயிறு தவறாமல் சித்தப்பாவும் சித்தியும் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஐயனார் கோயிலுக்குப் போனார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே போவார்கள். கோடையில் கண்மாய் காய்ந்து பொட்டலாய்க் கிடந்தது. மண் குதிரைகளைத் தவிர அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். வெயில் ஏறித்தான் திரும்பி வருவார்கள். ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். “மனுவுக்குப் பதில் வரணும்னு வேண்டுது பாவம், வேண்டட்டும்” என்பார். வேலை கிடைக்கக் கூடாது என்பதல்ல அவர் எண்ணம். பஸ் போகிற ஊரில் கிடைக்க வேண்டும் என்பதுதான். ஐயனாரிடம் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

ஒரு ஞாயிறு சித்தி முழங்கையில் சிராய்ப்போடு வந்தார். கோயில் படியில் வழுக்கியதாகச் சொன்னார். அந்தக் கோயிலுக்குப் படியே கிடையாது. இன்னொரு ஞாயிறு சேலைக் கரையில் கறுப்பாய் எண்ணெய்க் கறை. விளக்கு எண்ணெய் என்றார். கோயில் விளக்கில் எந்தக் காலத்தில் கறுப்பு எண்ணெய் ஊற்றினார்கள் என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்பா கவனித்துவிட்டு, “எல்லாத்தையும் ஆராயாதடா” என்றார். வாழ்நாளில் அவர் எனக்குச் சொன்ன ஒரே விதிவிரோதமான அறிவுரை அது. நான் அதைக் கேட்கவில்லை என்பதற்கு என் உத்தியோகமே சாட்சி.

பதில் வந்தது. தபால்காரர் மணியடித்தார், அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா உறையைப் பிரித்துப் படித்தார். அன்று அவருக்கு விடுப்பு. உத்தரவுதான். உடனே வந்து சேரும்படி எழுதியிருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த ஊர்தான்.

ஐயா தன் கேள்வியைக் கேட்டார். “பஸ் போகுதா?”

“போகலைங்கய்யா” என்றார் அப்பா.

சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். “மாமா, போயிட்டு வந்துர்றேன்” என்றார், ஏதோ தெருமுனைக் கடைக்குப் போகிறவரைப் போல. சுவரோரம் நின்ற வண்டியை எடுத்தார். ஒரு பக்கமாய்ச் சாய்த்து, சேலையைக் கூட்டிப் பிடித்து, குறுக்குக் கம்பிக்கு மேலாகக் காலைப் போட்டு ஆசனத்தில் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்திருந்தன.

நான், “சித்தி, பிரேக் பிடிக்காது!” என்று கத்தினேன்.

சித்தி திரும்பி என்னைப் பார்த்துப் பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். கட்டைகள் ரிம்மில் கச்சிதமாய்ப் பதிந்தன. யாரோ கம்பியைக் கழற்றி இறக்கி மாட்டியிருந்தார்கள். எப்போது என்று எனக்குத் தெரியாது. வண்டி ஒருமுறை ஆடியது, பிறகு நேராய்ப் போனது. சித்தப்பா தெருவில் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார், பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமலே. அப்புறம் நின்றுவிட்டார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை ஐயா பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

“கவர்மெண்டு விதின்ன?”

“ஆமாங்கய்யா.”

“ஒங்க ஆபீசுல இப்படித்தான் வாங்குவீகளா?”

“எப்பவாவது.”

ஐயா வெற்றிலையை எடுத்தார். துப்புவதற்குப் பதில் மென்றுகொண்டே இருந்தார். “வண்டியில பெல்லு வேலை செய்யுதா?” என்றார் கடைசியில்.

“செய்யுதுங்கய்யா.”

“அந்த ரோட்டுல கோழி குறுக்க ஓடும். அடிச்சுக்கிட்டே போகச் சொல்லு.”

எனக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. அளவு தப்பான சக்கரம் எப்படிச் சரியானது என்று மட்டும் பெரிய குழப்பம். பின்னாளில் எங்கள் மாவட்டத்துச் சாலைகளில் பெண்கள் கூட்டங்கூட்டமாய்ச் சைக்கிள் பழகிய காலம் ஒன்று வந்தது. அப்போது நான் வெளியூரில் யாரோ வாங்கிய நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் அளவைச் சொல்லாமல் எதையும் வாங்காத ஒரு குமாஸ்தா, ஒரே ஒருமுறை மகனிடம் ‘வெல மட்டும் கேளு’ என்று சொன்னது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அப்பா இல்லை.

தணிக்கையில் இன்னொரு விதியும் உண்டு. தேவை ஏற்படுவதற்கு முன்பே பொருள் வாங்கி வைப்பது ஆட்சேபணைக்கு உரியது. எத்தனையோ கோப்புகளில் அதை நானே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குச் சக்கரம் வந்தது வைகாசியில். சித்தியின் மனுவுக்குப் பதில் வந்தது, ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.