லேமினேட் செய்த அறிக்கை

என் சித்தி தன் இரத்தப் பரிசோதனை அறிக்கையை லேமினேட் செய்து வைத்திருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்லது என்று நினைக்கிற எந்தக் காகிதத்தையும் மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக் போட்டுவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அப்படித்தான் காப்பாற்றப்படும். மழைக்காலத்தில் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளின், லயத்தின், சுவர் ஊறிக் கிடக்கும். வெறும் காகிதம் ஒரு வருஷம் தாங்காது. ஆனால் இரத்தப் பரிசோதனை அறிக்கைக்குப் பிளாஸ்டிக் போட்ட ஆளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மாதா படத்துக்குப் பின்னால் அதைச் செருகி வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

சித்தி என் அம்மாவின் தங்கை. ரிவர்ஸ்டன் போகிற பாதையில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவருக்கு முன்னால் தங்கள் செடி நிரையைப் பறித்து முடித்தவர்கள் குறைவு. வாயும் அதே வேகம். அப்படிப்பட்டவர் இரண்டு வாய் ரொட்டி தின்றதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளத் தொடங்கினார். சட்டைக் கை தொளதொளத்துப் போனது. எங்கள் பக்கம் வயிற்றில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர், கேஸ்ட்ரைட்டிஸ். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த வெள்ளை மருந்தைப் போத்தல் போத்தலாகக் குடித்தார். கடைசியில் நான்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே கேமராவில் பார்க்க வேண்டும் என்றார். ஆறு வாரம் கழித்து ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்.

சித்திக்கு அந்தக் குழாய் என்றாலே கிலி. "தொண்டைக்குள்ள பாம்பு மாதிரி விடுவாங்களாம் புள்ள. எனக்கு வேணாம். ரத்தத்துலயே பாத்துச் சொல்ற டெஸ்ட் ஒண்ணு டவுன்ல இருக்குன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க" என்றார். இருந்தது உண்மைதான். டவுனில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் ஆள் உயரப் பலகை, மூன்று மொழியிலும்: புற்றுநோயை இரத்தத்திலேயே அறிந்துகொள்ளுங்கள். போனோம். எந்த டாக்டர் அனுப்பினார் என்று யாரும் கேட்கவில்லை. வயிற்றில் என்ன தொந்தரவு என்றும் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், இரத்தம் எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது.

பலகை மூன்று மொழியில் இருந்தாலும் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "நீ பாத்துச் சொன்னா சரி" என்றார். எல்லோரையும் போல நானும் எண்களுக்குப் பக்கத்தில், எல்லை மீறினால் போடுகிற நட்சத்திரக் குறி விழுந்திருக்கிறதா என்றுதான் தேடினேன். விழவில்லை. இரண்டு எண்கள், இரண்டும் எல்லைக்குள்.

"எல்லாம் நார்மல் சித்தி. கேன்சர் இல்ல" என்றேன்.

கேன்சர் இல்லை என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைச் சேர்த்தது நான்.

"அப்ப அந்தக் கொழாய்?"

"இனி எதுக்கு?" என்று கேட்டேன். எனக்கும் அன்றைக்கு அவ்வளவு நிம்மதி.

கேமராவுக்குக் கொடுத்த தேதியில் சித்தி மாத்தளைக்குப் போகத்தான் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, பிளாஸ்டிக் போடுகிற கடைக்குப் போனார். திரும்பி வந்து லயத்தில் வீடு வீடாகக் காட்டினார். அதன் பிறகு மலையில் அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தால், கங்காணி, "ஒனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு பேப்பர் இருக்கே, பெறகு என்ன?" என்பாராம். சித்தியும் சிரித்துக்கொண்டே எழுந்து போவாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்து மாதம் கழித்துக் கறுப்பாக வாந்தி எடுத்தார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி, ஈரல் வரைக்கும் போயிருந்தது. சித்தி பையிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்பது போல டாக்டரிடம் நீட்டினார். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. கண்டுபிடித்த பிறகு வைத்தியம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் ஓரளவு உதவும். சிலருக்குக் கட்டி இருந்தாலும் இரத்தத்தில் காட்டாது. வயிற்றுக்குள் பார்க்காமல், சதை எடுத்துச் சோதிக்காமல் சொல்லவே முடியாது. பிறகு பேனாவால் பிளாஸ்டிக்கின் மேல், தாளின் அடியில் இருந்த பொடி எழுத்து வரி ஒன்றைத் தட்டிக் காட்டினார். வைத்தியம் தொடங்குமுன் ஆஸ்பத்திரியில் அதே பரிசோதனையை மறுபடி செய்தார்கள். கட்டியைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, இரத்தம் அப்போதும் நார்மல் என்றுதான் சொன்னது.

அந்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பித் தந்து, "கீழ போட்டிருக்கோம்தானே மிஸ்" என்றார். போட்டிருக்கிறார்கள்தான். ஆசை காட்டுகிற வரிக்கு மூன்று மொழி, ஆள் உயரப் பலகை. எச்சரிக்கிற வரிக்கு ஒரு மொழி, எறும்பளவு எழுத்து. இதை யாருக்காக அப்படி எழுதினீர்கள், கொழுந்து பறிக்கிறவள் படிப்பதற்கா என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் முறை வந்ததும் கையை நீட்டினார்கள். அந்தப் பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சித்தி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "எனக்கும் அந்தக் கொழாய் வேணாம்னுதானே இருந்துச்சு, நீ என்ன செய்வ புள்ள" என்றார். திட்டியிருக்கலாம். டிசம்பரில் நத்தார் வருமுன்பே போய்விட்டார்.

போன மாதம் பத்தாம் வகுப்பில் அந்தப் பொடி எழுத்து வரியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, தமிழில் சொல்லச் சொன்னேன். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. பல்லேபொலையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழுந்து, ஒரு சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்த முடிவை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ தீர்மானிக்கக் கூடாது, டீச்சர்" என்றாள். சரி என்று சொல்லி உட்காரச் சொன்னேன். மேசை இழுப்பறையில் சித்தியின் அறிக்கை கிடந்தது. பிளாஸ்டிக்குக்குள் ஒரு எழுத்துகூட மங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எனக்கு, கேமராவின் தேதி வருமுன், முழுதாக நான்கு வாரம் இருந்தது.