சிவப்பு நூல் போட்ட பன்னிரண்டு பைகள்

தம்பிக்குக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலை. வீடு வீடாகப் போய், வாசல் குழியின் மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் எண்ணோடு திரும்புவார்கள். இவன் எண்ணோடு ஒரு செடியும் கொண்டுவருவான். கசியும் குழியில் எது முளைக்கும், வாய்க்கால் ஓரத்தில் எது படரும் என்று பதினைந்து வருஷமாகப் பார்த்ததில், செருப்புக்கடியில் மிதிபடும் களைக்கும் பேர் சொல்லுவான். அலுவலகத்தில் அவனுக்குப் 'பாசி' என்றே பட்டப்பேர். அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான், ரோஷம் கெட்டவன்.

அக்காவுக்குத் தையல் கடை. வீட்டின் முன்அறைதான் கடை. படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அவளுடைய இஸ்திரிப் பெட்டியால்தான் தம்பி செய்தித்தாளுக்கு நடுவே செடியை வைத்துத் தேய்த்துக் காயவைத்து, நோட்டில் ஒட்டுவான். ஒருநாள் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த இலையை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை முதுகில் வல்லாரை இலை பச்சையாக அச்சு விழுந்துவிட்டது.

"பூப் போட்ட சட்டையா நான் கேட்டேன்?" என்றார் வக்கீல்.

அன்றைக்குத் தம்பி வாங்கிய திட்டு தெருமுனை வரை கேட்டது. திட்டி முடித்துவிட்டு, அக்கா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நரம்பு ஒண்ணு விடாம விழுந்திருக்குடா" என்றாள். அந்தச் சட்டைக்குப் பதில் வேறு தைத்துக் கொடுத்தாள். அச்சு விழுந்ததை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். கேட்டால் துடைக்கிற துணி என்பாள்.

சென்ற வருஷம் ஊர் மருத்துவமனையின் பின்பக்கம், குழந்தைகள் பிரிவு ஜன்னலுக்கு நேராக ஒரு குளம் வெட்டினார்கள். மீன் விடுகிற குளம் இல்லை. தவளையும் தட்டாம்பூச்சியும் பறவையும் தானாக வந்து தங்க வேண்டிய குளம். என்ன செடி வைக்கலாம் என்று பெரிய டாக்டரம்மா விசாரித்தபோது, அங்கே மீட்டர் பார்க்கப் போன தம்பி அரைமணி நேரம் நின்று பேசிவிட்டான். பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. அவன் செடி அறிவை நம்பி ஒருவர் ஒப்படைத்த முதல் வேலை அது. அன்று ராத்திரியே நோட்டை விரித்துச் செடிப் பட்டியல் போட்டான்.

"கடையில விக்கிற அழகுச் செடி வேண்டாம்க்கா. இந்த மண்ணுச் செடிதான். அல்லி இலை தண்ணிக்கு நிழல். கரையில கோரை. தட்டான் குஞ்சு தண்ணிக்குள்ளதான் வளரும். பறக்குற வயசு வந்ததும் கோரைத் தண்டைப் புடிச்சு மேல ஏறி, பழைய சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் போகும்."

"அதாவது அளவு சட்டை தைச்சுக்குதா? அதுக்கு யாருடா டெய்லர்?"

செடிகளை மண்ணோடு தண்ணீரில் இறக்கச் சாக்குப் பைகள் வேண்டும். அவள் மிஷினில் போட்டுத் தைத்தாள். எந்தப் பையில் எது என்று தெரிய, பை வாயில் நைலான் நூல்: அல்லிக்குப் பச்சை, கோரைக்கு மஞ்சள், பொன்னாங்கண்ணிக்குச் சிவப்பு. சிவப்பு மட்டும் பன்னிரண்டு.

தம்பிக்கு ஒரு விரதம் உண்டு. பூவைப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் பேர் வைக்க மாட்டான். பொன்னாங்கண்ணி விஷயத்தில் மட்டும் அதை மீறினான். திறப்புக்கு ஒரு மாசம்தான் இருந்தது. வாய்க்காலில் படர்ந்து கிடந்தது பூக்கவில்லை. கிள்ளிப் பார்த்தான், தண்டுக்குள் குழல் மாதிரி ஓட்டை. தண்ணீரில் வளர்ந்தால் பொன்னாங்கண்ணித் தண்டும் அப்படி ஊதிப்போகும் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதையே சிவப்பு நூல் பைகளில் நட்டுக் குளத்தில் இறக்கிவிட்டான். விஷயம் தெரியாதவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். இவனுக்கு விஷயம் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

மிச்சமிருந்த துண்டுகளைக் கடைக்குப் பின்னால் ஒரு தொட்டியில் போட்டு வைத்திருந்தான். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் கை கழுவப் போன அக்கா நின்றுவிட்டாள். தொட்டியில் வெள்ளைப் பூ. அவன் நோட்டில் ஒட்டியிருந்த பொன்னாங்கண்ணியில், பூ, இலையும் தண்டும் சேரும் கக்கத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒட்டி உட்கார்ந்திருக்கும். இது கோட்டுப் பொத்தான் மாதிரி, அடியில் நூல் சுற்றிக் கழுத்து வைத்துத் தைத்ததுபோல, காம்பு நீட்டி நின்றது. நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தாள். அளவு நாடாவையும் வைத்தாள். காம்பு ஒன்றரை அங்குலம்.

சொல்லாமல் விட்டால் விழா நன்றாக நடக்கும். சொன்னால் தம்பி முகம் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். மத்தியானம் அவன் சாப்பிட வந்தபோது தட்டு வைக்கும் முன்னாலேயே பூவை நீட்டினாள்.

"இது உன் பொன்னாங்கண்ணியா, பாரு."

பார்த்தான். சுவரில் சாய்ந்துகொண்டான். "வெளிநாட்டுக் களைக்கா. பொன்னாங்கண்ணி வேஷம் போடும். ஒரு கணு மிஞ்சினாப் போதும், ஆறு மாசத்துல குளமே தெரியாது. தட்டானும் கிடையாது, தவளையும் கிடையாது. நானே என் கையால நட்டேனே."

"நட்ட கை இருக்குல்ல? பிடுங்கு. எந்திரி."

தம்பி குளத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கினான். அக்கா கரையில் வாளியோடு நின்று, உடைந்து மிதந்த துண்டுகளையெல்லாம் வடிகட்டித் துணியில் அள்ளினாள். மருத்துவமனைத் தோட்டக்காரர் வேலியில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்.

"என்ன தம்பி, நட்டது நீங்க, புடுங்குறதும் நீங்களா? மீட்டர்ல தப்பா எழுதினா இப்படித்தான் அழிப்பீங்களோ?"

சிவப்பு நூல் ஒவ்வொன்றாக வந்தது. நாலு மணிக்குப் பதினொன்று.

"அவ்வளவுதாங்க்கா. பதினொண்ணுதான் நட்டேன்போல."

"பன்னிரண்டு. தைச்சவ நான்."

மறுபடி முங்கினான். சேற்றைத் துழாவினான். உதடு நீலமாகிவிட்டது. "இல்லக்கா. குளம் போச்சு. திறக்க வேண்டாம்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிடறேன்."

அதற்குள் தோட்டக்காரரின் கிண்டல் நின்றுபோனதை அக்கா கவனித்தாள். மனுஷர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

"அது வந்தும்மா... பச்சையா, நல்லாத் தளதளன்னு இருந்துச்சு. ஒண்ணு போனாத் தெரியவா போகுதுன்னு..."

அவர் தங்கும் அறைக்குப் பின்னால், குழாயடித் தொட்டியில் பன்னிரண்டாவது பை. அவரும் பக்குவமாகத்தான் வளர்த்திருந்தார். கொடி தொட்டியை விட்டு இறங்கி, குளத்துக்குப் போகிற ஓடைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தம்பி அதை வேரோடு எடுத்துவிட்டு, ஈரக் கையோடு தோட்டக்காரரைக் கட்டிக்கொண்டான். "விடுங்க தம்பி, சட்டை நனையுது" என்றார் அவர்.

பன்னிரண்டையும் தொட்டித் துண்டுகளையும் கருகக் காயவைத்து எரித்தார்கள். டாக்டரம்மாவிடம் தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. விழாவன்று குளத்தின் ஒரு பக்கம் வெறும் தண்ணீராக இருந்தது.

"இந்தப் பக்கம் எப்போ நிரப்புவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பூவைப் பார்த்துட்டுத்தாங்க. வாரம் ஒருதடவை வந்து மிச்சம் முளைக்குதான்னும் பார்த்துக்கறேன்."

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"எங்க அக்கா. டெய்லர்."

கூட்டத்தின் கடைசியில் நின்ற அக்கா, முந்தானையில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

ஏழு வாரம் கழித்து, வேறொரு தெருவின் மீட்டர் குழியிலிருந்து பொன்னாங்கண்ணி மாதிரி ஒரு துண்டைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்தான். பூ இருந்தது. அவள் மிஷின்மேல் வைத்தான். அக்கா விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ஊசி முனையால் இலையை விலக்கிப் பார்த்தாள். இன்னொரு கணுவையும் பார்த்தாள்.

"ஒட்டித் தைச்ச பட்டன்தான். போய் நடு" என்றாள். பிறகு, சிவப்பு நூல்கண்டை எடுத்து ஊசியில் கோத்தபடி, "எத்தனை பை?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு போதும்க்கா."

"பன்னிரண்டு தைக்கறேன். தோட்டக்கார அண்ணனுக்கு ஒண்ணு."